டாக்டர் எங்கே போனார்?

வாசகர் கேள்வி-பதில்

(அமெரிக்காவில் டாக்டராக இருப்பவர்களின் பெற்றோர், குடும்பத்தார், நோயாளிகள், இன்னும் சிலர் அனுப்பிய கேள்விகள் இவை. ஒஹாயோ மாநிலத்தில் ஒரு மருத்துவமனையின் மெடிக்கல் ஸ்டாஃப் ஆபீஸில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் வாசகி பதில் சொல்கிறார். பலருக்கு வேலை சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.)

முதலிலேயே ஒன்று. நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. டாக்டர்களின் சான்றிதழ்களைச் சரிபார்த்து, ஃபைல் போட்டு, கமிட்டி முன்னால் வைப்பது என் வேலையாக இருந்தது. அந்த மேஜையிலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன். கையெழுத்துப் போடும் முன் அந்தந்த மாநிலத்து வக்கீலிடம் ஒப்பந்தத்தைக் காட்டிவிடுங்கள். அதற்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

கே: என் மகன் ஜூன் மாதம் ரெசிடென்சி (படிப்புக்குப் பிறகு மருத்துவமனையில் எடுக்கும் பயிற்சி) முடித்தான். மருத்துவமனை வேலை கொடுத்துவிட்டது, லைசென்ஸும் வந்துவிட்டது. ஆனால் இன்னும் நோயாளி பார்க்கவில்லை. கேட்டால் "கிரெடென்ஷியலிங் நடக்கிறது" என்கிறான். எங்களிடம் எதையாவது மறைக்கிறானா? — ஒரு தந்தை, மதுரை

மறைக்கவில்லை சார், உண்மையைத்தான் சொல்கிறான். கிரெடென்ஷியலிங் என்றால் டாக்டரின் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது. லைசென்ஸ் என்பது மாநிலம் கொடுப்பது. இவர் இந்த மாநிலத்தில் வைத்தியம் பார்க்கலாம் என்கிறது, அவ்வளவுதான். எங்கள் கட்டடத்துக்குள் இவர் என்னென்ன செய்யலாம் என்பதை மருத்துவமனை தனியாக முடிவு செய்யும். அதற்குப் பெயர் பிரிவிலேஜ். இவர் பார்த்த நோயாளிக்கு நாங்கள் பணம் தருகிறோம் என்று ஒவ்வொரு இன்சூரன்ஸ் கம்பெனியும் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று கதவும் திறந்தால்தான் உங்கள் மகன் ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுக்க முடியும். வழக்கமாக மூன்று நான்கு மாதம் ஆகும்.

ஏன் அவ்வளவு நாள்? டாக்டர் கொடுக்கும் நகலை நாங்கள் நம்புவதில்லை. எம்.பி.பி.எஸ். படித்தேன் என்றால் கல்லூரியிடமே கேட்போம். ரெசிடென்சி முடித்தேன் என்றால் அந்த புரோகிராம் இயக்குநர் எழுதித்தர வேண்டும். போர்டு தேர்வு (சிறப்புத் துறைத் தேர்வு), போதை மருந்து எழுதுவதற்கான மத்திய அரசுப் பதிவு, பழைய வழக்குகள், முன்பு வேலை பார்த்த ஒவ்வொரு இடம் என்று எல்லாவற்றுக்கும் மூல இடத்திலிருந்தே பதில் வரவேண்டும். பல மருத்துவமனைகளில் 30 நாளுக்கு மேல் எங்கேயும் வேலை பார்க்காமல் இருந்தாலே காரணம் எழுதித் தரச் சொல்வார்கள். தேர்வுக்குப் படித்தேன், அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன், இதெல்லாமே ஃபைலில் ஏறும்.

நம்மூர்ப் பிள்ளைகளின் ஃபைல் நிற்கும் இடம் ஒன்று உண்டு. பெயர்தான். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் ஆகியிருக்கும். அமெரிக்க லைசென்ஸில் முன்னும் பின்னும் மாறியிருக்கும். பெண் பிள்ளை என்றால் கல்யாணத்துக்குப் பிறகு நான்காவதாக ஒரு பெயர். கம்ப்யூட்டருக்கு இவர்கள் நான்கு தனித்தனி ஆட்கள். இத்தனை பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட ஒரு அஃபிடவிட்டை முதல் நாளே ஃபைலோடு கொடுத்துவிட்டால் சில வாரங்கள் மிச்சம். இதை நான் சொல்லாத தமிழ் டாக்டர் எங்கள் ஆபீஸ் பக்கம் வந்ததே இல்லை.

பேப்பர் எல்லாம் சேர்ந்த பிறகு துறைத் தலைவர், கிரெடென்ஷியல்ஸ் கமிட்டி, மருத்துவச் செயற்குழு, கடைசியில் நிர்வாகக் குழு. அநேக இடங்களில் மாதத்துக்கு ஒரு கூட்டம்தான். ஒரு கடிதம் இரண்டு நாள் தாமதமாக வந்தால் அடுத்த மாதக் கூட்டம். ஃபைலில் கறை எதுவும் இல்லை என்றால் கமிட்டி கூடும்வரை 120 நாள் வரைக்கும் தற்காலிக பிரிவிலேஜ் கொடுக்க விதியில் இடம் உண்டு. அதை மகனைக் கேட்கச் சொல்லுங்கள். கேட்டால்தான் நினைவு வரும் சில இடங்களில்.

இன்னொன்று. சி.ஏ.க்யூ.எச். என்ற பொது இணையப் படிவம் ஒன்று இருக்கிறது, இன்சூரன்ஸ்காரர்கள் அதிலிருந்துதான் விவரம் எடுப்பார்கள். அதில் 120 நாளுக்கு ஒருமுறை "எல்லாம் சரிதான்" என்று மறுபடி உறுதி செய்ய வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் நொடி பிசகாதவர்கள் இதை மட்டும் மறந்துவிடுவார்கள். அப்புறம் "பணம் ஏன் வரவில்லை" என்று எங்களுக்குத்தான் ஃபோன்.

கே: ஒருவர் எத்தனையோ தேர்வு எழுதி, லைசென்ஸும் வாங்கியபின் ஒவ்வொரு மருத்துவமனையும் முதலிலிருந்து தோண்டுவது அதிகாரத்தனம் இல்லையா? — மருத்துவ மாணவர், தஞ்சாவூர்

தம்பி, உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் இந்தத் தோண்டலுக்குப் பின்னால் ஒரு கால் இருக்கிறது. 1960 நவம்பரில் இல்லினாய் மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்ற சிறிய ஊரில் 18 வயதுப் பையன் அமெரிக்கன் ஃபுட்பால் விளையாடும்போது கால் உடைந்தது. உள்ளூர் மருத்துவமனையில் அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் மாவுக்கட்டுப் போட்டார். கட்டு இறுகி, விரல்கள் வீங்கி, கறுத்து, சில்லென்று ஆயின. பையன் வலியில் கத்தினான். நர்சுகள் போதுமான அளவு பார்க்கவில்லை, எலும்பு நிபுணரையும் கூப்பிடவில்லை. கடைசியில் செயின்ட் லூயிஸுக்குக் கொண்டுபோய் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். "டாக்டர் செய்ததற்கு நாங்கள் என்ன செய்வோம், நாங்கள் கட்டடம் கொடுப்பவர்கள்" என்பது அதுவரை மருத்துவமனைகளின் வாதம். 1965-ல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உள்ளே யார் வைத்தியம் பார்க்கிறார், எப்படிப் பார்க்கிறார் என்று கவனிப்பது மருத்துவமனையின் சொந்தப் பொறுப்பு என்றது. டார்லிங் வழக்கு என்பார்கள். எங்கள் ஆபீஸ் என்று ஒன்று பெரிதாக வளர்ந்ததற்கே அதுதான் முக்கியக் காரணம்.

அதன்பிறகு 1986-ல் ஒரு மத்தியச் சட்டம். அதன்படி 1990 செப்டம்பர் முதல் நேஷனல் பிராக்டிஷனர் டேட்டா பேங்க் இயங்குகிறது. டாக்டர் மேல் கட்டிய நஷ்டஈடு, லைசென்ஸ் நடவடிக்கை, பிரிவிலேஜ் பறிப்பு எல்லாம் அதில் ஏறும். ஒரு மாநிலத்தில் மாட்டிக்கொண்டவர் பக்கத்து மாநிலத்துக்குப் போய்ப் புதுப் போர்டு மாட்டுவதைத் தடுக்கத்தான் அது. மருத்துவமனைகள் டாக்டரைச் சேர்க்கும்போதும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் அதைப் பார்த்தே ஆகவேண்டும்.

இவ்வளவு இருந்தும் ஓட்டை இல்லையா என்றால், இருக்கிறது. டாலஸ் பகுதியில் கிறிஸ்டோபர் டன்ச் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் 2011 முதல் 2013 வரை முப்பதுக்கும் மேற்பட்டவர்களை முடமாக்கினார். இரண்டு பேர் இறந்தார்கள். முதல் மருத்துவமனை அவரை ராஜினாமா செய்ய அனுமதித்து, அவர்மேல் நிலுவை எதுவும் இல்லை என்கிற மாதிரி ஒரு கடிதமும் கொடுத்தது. 30 நாளுக்கு மேல் நீடிக்கும் தடை என்றால் டேட்டா பேங்குக்குச் சொல்லியே ஆகவேண்டும், விசாரணை நடக்கும்போது கொடுக்கும் ராஜினாமாவையும் சொல்ல வேண்டும். அந்த மருத்துவமனையிலிருந்து அறிக்கை போகவில்லை. அடுத்த மருத்துவமனை கதவைத் திறந்தது. 2017-ல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

என் மேஜைக்கும் அந்த மாதிரி வழவழக் கடிதங்கள் வரும். "இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை எங்களிடம் பணியாற்றினார்" என்று இரண்டே வரி. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அவர்களது வக்கீல் அதற்கு மேல் எழுத விடமாட்டார். அப்படி ஒன்று வந்தால் நான் கடிதத்தை ஃபைலில் வைத்துவிட்டு, அந்த மருத்துவமனையில் அதே துறையின் தலைவரை எங்கள் துறைத் தலைவரை விட்டே ஃபோனில் பிடிக்கச் சொல்வேன். எழுத்தில் சொல்லாததை "இவரைத் திரும்ப எடுப்பீர்களா?" என்ற ஒரு கேள்விக்கு வரும் தயக்கம் சொல்லிவிடும். ஆகவே தம்பி, தோண்டுவதில் எனக்கு வெட்கமே இல்லை. ஒரே சான்றிதழை ஒன்பது இடத்தில் ஒன்பது முறை தோண்டுவதுதான் வீண்.

கே: டெக்சஸில் என் மருமகள் குழந்தைகள் டாக்டர். வேறு இடத்துக்கு மாற நினைக்கிறாள். "விலகியபின் 2 வருடம், எங்கள் கிளினிக்குகளிலிருந்து 15 மைலுக்குள் வேலை பார்க்கக் கூடாது" என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். இது செல்லுமா? — ஒரு மாமியார், திருநெல்வேலி

மருமகளுக்காக மாமியார் எழுதிய கடிதம் என்பதால் இதை முதலில் எடுத்து வைத்தேன் அம்மா.

நான்-கம்பீட் என்பார்கள் இதை. செல்லுமா செல்லாதா என்பது எந்த மாநிலம் என்பதைப் பொறுத்தது. கலிஃபோர்னியா, வடக்கு டகோட்டா, ஓக்லஹோமா ஆகியவை வேலைக்காரர் யாராக இருந்தாலும் பொதுவாகவே ஏற்காதவை. 2023 ஜூலை முதல் போடும் ஒப்பந்தங்களுக்கு மினசோட்டாவும் சேர்ந்துகொண்டது. மாசசூசெட்ஸ் டாக்டர்களுக்கு மட்டும் 1977-லேயே நீக்கிவிட்டது. பாக்கிப் பல மாநிலங்களில் "நியாயமாக இருந்தால் செல்லும்" என்ற கதைதான். எங்கள் ஒஹாயோவில் இதற்கு இன்றைக்கும் வக்கீல்கள் எடுத்துக்காட்டுவது 1975-ல் ஒரு கால்நடை மருத்துவர் சம்பந்தப்பட்ட வழக்கு. மாட்டுக்குப் பார்த்த தீர்ப்பு மனுஷனுக்கும் ஓடுகிறது.

டெக்சஸில் 2025 செப்டம்பர் 1 முதல் புதுச் சட்டம். டாக்டருக்குப் போடும் தடை ஒரு வருடத்துக்கு மேல் போகக் கூடாது, 5 மைலுக்கு மேல் போகக் கூடாது. பணம் கொடுத்துத் தடையை நீக்கிக்கொள்ள வழி இருக்க வேண்டும். அந்தத் தொகை அவரது ஒரு வருட மொத்தச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. தகுந்த காரணம் இல்லாமல் அவர்களே வேலையைவிட்டு அனுப்பினால் தடையே செல்லாது. ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட அல்லது புதுப்பித்த ஒப்பந்தங்களுக்குத்தான் இது. உங்கள் மருமகள் 2022-ல் கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆனாலும் "ஒவ்வொரு வருடமும் தானாகப் புதுப்பிக்கப்படும்" என்ற வரி அநேக ஒப்பந்தங்களில் இருக்கும். அந்தப் புதுப்பிப்புத் தேதி எப்போது வருகிறது என்று வக்கீலிடம் கேட்கச் சொல்லுங்கள். ராஜினாமாவை அதற்கு முந்திய வாரம் கொடுப்பதற்கும் பிந்திய வாரம் கொடுப்பதற்கும் மலையளவு வித்தியாசம் இருக்கலாம்.

இன்னொன்று. "எங்கள் கிளினிக்குகளிலிருந்து" என்ற அந்தப் பன்மையைக் கவனித்தீர்களா? அதில்தான் விஷயமே இருக்கிறது. அரிசோனாவில் 1999-ல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று. நுரையீரல் நிபுணர் ஒருவர் ஒரு குழுவிலிருந்து விலகினார். அவர் எய்ட்ஸ் நோயாளிகளையும் பார்த்தவர், புற்றுநோய்க்கு உள்ளே வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு வைத்தியமும் தெரிந்தவர். மூன்று வருடம், குழுவின் எந்த அலுவலகத்திலிருந்தும் 5 மைல் என்று தடை. கேட்க 5 மைல் சின்னதாகத்தான் இருக்கிறது. ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட 78 சதுர மைல். அலுவலகம் மூன்று. மொத்தம் 235 சதுர மைல். நீதிமன்றம் இந்தக் கணக்கைத் தீர்ப்பிலேயே போட்டு, நோயாளி தன் டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இதைவிடப் பெரிது என்று தடையைத் தள்ளியது. இப்போது ஒவ்வொரு மருத்துவக் குழுமத்துக்கும் நகரம் முழுக்க இருபது முப்பது கிளினிக். 15 மைல் என்றால் ஊரையே காலி செய் என்று அர்த்தம். கையெழுத்துக்கு முன்பாக "நான் பெரும்பாலும் வேலை பார்த்த ஒரு இடத்திலிருந்து மட்டும்" என்று மாற்றச் சொல்லி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அங்கே கூச்சம் வேண்டாம்.

கே: 2024-லேயே அமெரிக்க அரசு இந்த ஒப்பந்தங்களை எல்லாம் ஒழித்துவிட்டதாகப் படித்தேனே? — திண்டுக்கல் வாசகர்

படித்தது சரி, பாதிதான். ஃபெடரல் டிரேட் கமிஷன் (வர்த்தகப் போட்டியைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) 2024 ஏப்ரலில் மூன்றுக்கு இரண்டு என்ற ஓட்டில் நாடு முழுவதற்கும் தடைவிதி கொண்டுவந்தது. சுமார் 3 கோடிப் பேர் இப்படிக் கட்டுப்பட்டிருக்கிறார்கள் என்பது அவர்கள் கணக்கு. செப்டம்பர் 4 அமலுக்கு வர வேண்டும். ஆகஸ்ட் 20 அன்று டாலஸில் ஒரு மத்திய நீதிபதி, கமிஷனுக்கு இந்த அதிகாரமே இல்லை என்று அடித்துவிட்டார். அப்பீல் ஓடிக்கொண்டிருந்தது, 2025 செப்டம்பரில் கமிஷனே அதைக் கைவிட்டது. அதே மாதம் மருத்துவத் துறை முதலாளிகளுக்கு "உங்கள் ஒப்பந்தங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்" என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார்கள். அந்த விதி வந்திருந்தாலும் லாபநோக்கம் இல்லாத மருத்துவமனைகளை அது எந்த அளவுக்குத் தொட்டிருக்கும் என்பதில் சண்டை இருந்திருக்கும், அங்கே பாதிக்கு மேல் அந்த வகைதான். ஆக, இப்போதைக்கு மாநிலம் மாநிலமாகத்தான் பார்க்க வேண்டும்.

கே: கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனை எனக்கும் இப்படி ஒரு ஷரத்து போட்டிருக்கிறது. அமெரிக்க வியாதி இங்கேயும் வந்துவிட்டதா? — ஒரு டாக்டர்

உங்களைக் காப்பாற்ற ஒரு பழைய சட்டம் இருக்கிறது டாக்டர். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 27-வது பிரிவு. ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும்போது வேறு இடத்தில் பார்க்காதே என்று சொல்லலாம். விலகிய பிறகும் பார்க்காதே என்பதை நம் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. நீங்கள் உங்கள் கிளினிக்கையே பெயரோடும் வாடிக்கையோடும் இன்னொருவருக்கு விற்றால் மட்டும் கதை வேறு.

இதில் ஒரு வேடிக்கை. அந்த 27-வது பிரிவுக்கு மூலம் நியூயார்க்கில் டேவிட் டட்லி ஃபீல்ட் என்ற வக்கீல் தயாரித்த வரைவு. கலிஃபோர்னியா அதே வரைவிலிருந்து அதே 1872-ல் தன் சட்டத்தை எடுத்துக்கொண்டது. நம் டாக்டரும் கலிஃபோர்னியா டாக்டரும் இந்த விஷயத்தில் ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள். வரைவு எழுதப்பட்ட நியூயார்க் மட்டும் அதை ஏற்கவே இல்லை. 2023-ல் அங்கே சட்டசபை தடை கொண்டுவந்தபோதும் ஆளுநர் டிசம்பரில் வீட்டோ போட்டார்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். அரசு மேற்படிப்புக்கான பாண்ட் (படித்து முடித்ததும் இத்தனை வருடம் அரசுக்கு வேலை பார்ப்பேன் என்று எழுதிக்கொடுப்பது) வேறு. அதை உச்ச நீதிமன்றம் 2019-ல் செல்லும் என்று சொல்லிவிட்டது. அதையும் இதையும் போட்டுக் குழப்பி உங்களைப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

கே: டெயில் இன்சூரன்ஸ் என்கிறார்களே, அது என்ன? — டாக்டரின் மனைவி, சிகாகோ

விலகியபின் பழைய நோயாளி யாராவது வழக்குப் போட்டால் காப்பாற்றும் பாலிசி. ஒரு வருட பிரீமியத்தைப்போல் இரண்டு மடங்கு அளவுக்கு ஆகலாம். யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் பெரும்பாலும் நீங்கள்தான்.

கே: என் மகள் ஜே-1 விசாவில் ரெசிடென்சி முடிக்கப் போகிறாள். இரண்டு வருடம் இந்தியா திரும்ப வேண்டும், இல்லையென்றால் கிராமத்துக்குப் போக வேண்டும் என்கிறாள். அங்கேயும் இந்தத் தடை எல்லாம் இருக்குமா? — ஒரு தாய், சேலம்

ஜே-1 என்பது பயிற்சிக்காகக் கொடுக்கும் விசா, முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கிராமத்துக்குப் போவது என்று கான்ராட் 30 என்ற திட்டத்தைச் சொல்கிறாள். 1994-ல் வடக்கு டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராட் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாநிலமும் வருடத்துக்கு 30 வெளிநாட்டு டாக்டர்களுக்கு அந்த இரண்டு வருட நிபந்தனையைத் தளர்த்தப் பரிந்துரைக்கலாம். பதிலுக்கு, டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் முழுநேரம் பார்க்க வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, சோளக்காட்டு நடுவில் இருக்கும் எத்தனையோ சிறிய ஊர்களில் நம்மவர்கள்தான் டாக்டர்.

பல மாநிலங்களின் விதியில் இந்த ஒப்பந்தத்துக்குள் நான்-கம்பீட் இருக்கக் கூடாது என்றே போட்டிருக்கிறது. காரணம் தெளிவு. டாக்டர் இல்லாத ஊருக்கு டாக்டரைக் கொண்டுவரத்தான் திட்டம். மூன்று வருடம் முடிந்ததும் அதே ஊரில் இருக்க விரும்புகிறவரைத் துரத்தினால் திட்டத்துக்கே அர்த்தம் இல்லை. ஆனால் விண்ணப்பத்துக்கு ஒரு ஒப்பந்தம், சேர்ந்தபின் "ஆபீஸ் நடைமுறை" என்று இன்னொரு பேப்பர் நீட்டுகிறவர்கள் உண்டு. அந்த இரண்டாவது பேப்பரில் கையெழுத்துப் போடும் முன் குடியேற்ற வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள். விசா கையில் இல்லாதவரிடம் எதையும் வாங்கலாம் என்று தெரிந்துதான் நீட்டுகிறார்கள். தளர்வு கிடைத்த 90 நாளுக்குள் வேலையில் சேர வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். கிரெடென்ஷியலிங்குக்கு மூன்று நான்கு மாதம் என்று மேலே சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அஃபிடவிட்டை இன்றைக்கே தயார் செய்யச் சொல்வீர்கள்.

கே: நான் ஒரு சிறிய மருத்துவமனையின் நிர்வாகி. ஒரு நிபுணரைக் கூட்டிவர எவ்வளவு செலவழிக்கிறோம் தெரியுமா? அவர் இரண்டு வருடத்தில் எதிர்வீட்டில் கடை போட்டால் நாங்கள் என்ன செய்வது? நீங்கள் ஒருபக்கமாகவே பேசுகிறீர்கள். — ஈரோட்டிலிருந்து போன ஒரு வாசகர், பென்சில்வேனியா

நியாயமான கோபம். ஆள் தேடும் ஏஜென்சிக்குக் கட்டணம், சேரும்போது போனஸ், வீடு மாற்றும் செலவு, பில் போட முடியாத முதல் மூன்று மாதச் சம்பளம் எல்லாம் உங்கள் தலையில். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்குள் போனால் போனஸில் இவ்வளவு பங்கு திருப்பித்தர வேண்டும் என்று எழுதுங்கள், நான் கைதட்டுகிறேன். உங்கள் மாநிலத்திலேயே 2025 ஜனவரி முதல் உள்ள சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட தடையைத்தான் செல்லாது என்கிறது, நீங்களே வேலையைவிட்டு அனுப்பினால் தடையே இல்லை என்கிறது, டாக்டர் போனால் 90 நாளுக்குள் நோயாளிகளுக்குத் தெரிவி என்கிறது.

ஆனால் சார், தடை உங்களுக்கு மட்டும் நடக்கும் ஒன்றாக நீங்கள் பார்க்கிறீர்கள். நான் அதன் அடுத்த பக்கத்தைப் பார்த்தவள். டாக்டர் 20 மைல் தாண்ட வேண்டும் என்றால் சிறிய ஊர்களில் அது மாவட்ட எல்லை, சில இடங்களில் மாநில எல்லை. மாநில எல்லை தாண்டினால் புது லைசென்ஸ். புது மருத்துவமனையில் புது ஃபைல். ஒவ்வொரு இன்சூரன்ஸிலும் மறுபடி முதலிலிருந்து. நேற்று வரை தினமும் நோயாளி பார்த்த, எந்தக் குறையும் இல்லாத ஒருவர் நான்கைந்து மாதம் வீட்டில் உட்கார்ந்திருப்பார். அவர் விட்டுப்போன இடத்துக்கு நீங்கள் பிடிக்கும் புது ஆளுக்கும் அதே நான்கைந்து மாதம். இரண்டு ஊரிலும் டாக்டர் இருக்கிறார், இரண்டு ஊரிலும் நோயாளிக்கு டாக்டர் இல்லை. என் சரிபார்ப்பு வேலை யாரோ ஒரு டன்ச்சைத் தடுக்க ஏற்பட்டது. நான்-கம்பீட் வந்து சேர்ந்ததும் அதே வேலை நல்ல டாக்டர்களைப் பூட்டிவைக்கும் சாவியாகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் இருந்த இடத்தில் ஒரு சர்க்கரை நோய் நிபுணர் விலகினார். சுற்றுவட்டாரத்துக்கே அவர் ஒருவர்தான். சுவிட்ச்போர்டுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் அவருடைய நோயாளிகளின் ஃபோனை எங்கள் ஆபீஸுக்குத் திருப்பிவிட்டார்கள். "அவர் இப்போது எங்களோடு இல்லை" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லலாம் என்று மேலிடத்து உத்தரவு. ஒரு பாட்டி, "செத்துப் போய்விட்டாரா?" என்று கேட்டார். அதற்கு மட்டும் "இல்லை, நன்றாக இருக்கிறார்" என்று சொன்னேன். உத்தரவில் அது இல்லை.

அப்புறம், நீங்கள் நடத்துவது சிறிய மருத்துவமனை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கணக்கில் 2012-ல் 60 சதவீத டாக்டர்கள் டாக்டர்களே சொந்தமாக நடத்தும் தனியார் பிராக்டிஸில் இருந்தார்கள், 2024-ல் அது 42 சதவீதம். பெரிய குழுமங்கள் வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கின்றன. அவர்கள் கட்டிவைத்திருக்கும் டாக்டர்களில் ஒருவரை நாளைக்கு நீங்கள் எடுக்க நினைத்தால் குறுக்கே நிற்பதும் இதே ஷரத்துதான்.

கே: என் மகள் ரெசிடென்சியின்போது மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள். படிவத்தில் எழுதினால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறாள். — பெயர், ஊர் வேண்டாம் என்று ஒரு அம்மா

அம்மா, இந்தப் பயத்தால் எத்தனையோ டாக்டர்கள் வைத்தியமே பார்த்துக்கொள்ளாமல் இருந்திருக்கிறார்கள். நியூயார்க்கில் அவசரப் பிரிவு டாக்டராக இருந்த லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில், கொரோனா உச்சத்தில், உயிரை மாய்த்துக்கொண்டார். உதவி தேடினால் தொழில் போய்விடும் என்று அவர் பயந்தார் என்பதை அவர் குடும்பம் வெளியில் சொன்னது. 2022 மார்ச்சில் அவர் பெயரிலேயே மத்தியச் சட்டம் வந்தது. அந்த அலையில் லைசென்ஸ் தரும் பல மாநில போர்டுகளும் மருத்துவமனைகளும் கேள்வியை மாற்றிவிட்டன. "எப்போதாவது மனநல சிகிச்சை எடுத்ததுண்டா?" என்பது போய், "இப்போது உங்கள் வேலையைப் பாதிக்கும் நிலை ஏதாவது இருக்கிறதா?" என்று ஆகியிருக்கிறது. மகள் நன்றாக இருக்கிறாள் என்றால் இரண்டாவது கேள்விக்கு உண்மையான பதில் "இல்லை"தான்.

படிவத்தில் என்ன கேட்டிருக்கிறதோ அதை வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். கேட்காததைச் சொல்ல வேண்டாம். கேட்டதற்குப் பொய்யும் வேண்டாம். மருந்து எடுத்ததற்காக எந்த டாக்டரையும் எங்கள் கமிட்டி நிறுத்தி நான் பார்த்ததில்லை. படிவத்தில் பொய் சொன்னதற்காக நிறுத்திப் பார்த்திருக்கிறேன். பழைய கேள்வியே இன்னும் இருக்கும் படிவம் என்றால், நிரப்பும் முன் வக்கீல் ஒருவரிடம் அரைமணி நேரம் பேசிவிடலாம்.

கே: அம்மாவுக்கு எட்டு வருடமாகப் பார்த்த டாக்டர் திடீரென்று கிளினிக்கில் இல்லை. எங்கே என்று கேட்டால் சொல்ல மறுக்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? — எடிசன், நியூஜெர்சி

கிளினிக்கில் ஃபோன் எடுக்கும் பெண்ணிடம் கோபப்படாதீர்கள். அவளுக்கும் ஒரு உத்தரவு இருக்கும்.

அமெரிக்காவில் ஒவ்வொரு டாக்டருக்கும் என்.பி.ஐ. என்று பத்து இலக்க எண் உண்டு. அரசின் என்.பி.ஐ. பட்டியல் இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். பெயரையும் மாநிலத்தையும் போட்டால் வேலை பார்க்கும் விலாசம் வரும். விலாசம் மாறினால் 30 நாளுக்குள் திருத்த வேண்டும் என்பது விதி. திருத்துவது டாக்டரின் பொறுப்பு என்பதால் பழைய விலாசமே கிடக்கவும் வாய்ப்பு உண்டு. பக்கத்து மாநிலங்களான நியூயார்க், பென்சில்வேனியா இரண்டின் லைசென்ஸ் தேடல் பக்கங்களிலும் பெயரைப் போட்டுப் பாருங்கள். புதிதாக லைசென்ஸ் வாங்கியிருந்தால் அங்கே தெரியும். உங்கள் இன்சூரன்ஸின் டாக்டர் பட்டியலைக் கடைசியாகப் பாருங்கள், அது எப்போதும் பின்தங்கியே இருக்கும்.

டாக்டர் தானாக உங்களை அழைக்கக் கூடாது என்று அவர் ஒப்பந்தத்தில் இருக்கலாம். நீங்கள் தேடிப் போவதை அது தடுக்காது. ஒப்பந்தம் போட்டது அவரோடு, உங்கள் அம்மாவோடு இல்லை. கண்டுபிடித்ததும் "புது நோயாளி" என்று அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள். உங்கள் இன்சூரன்ஸில் அவர் சேர்ந்துவிட்டாரா என்று முதலில் கேளுங்கள், இல்லையென்றால் பில் உங்கள் தலையில்.

பழைய கிளினிக்கிடம் அம்மாவின் மருத்துவப் பதிவுகளை எழுத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் தர வேண்டும் என்பது மத்தியச் சட்டம். அதற்கிடையில் மாத்திரை எந்தத் தேதியில் தீர்கிறது என்று பாட்டிலைப் பாருங்கள். தீரும் முன் அதே கிளினிக்கில் இருக்கும் வேறொரு டாக்டரிடம் அடுத்த மூன்று மாதத்துக்கு எழுதி வாங்கிவிடுங்கள். அதைப் பெரும்பாலும் அவர்கள் மறுக்க மாட்டார்கள்.